காலுக்கேற்ற பூட்ஸ்

பாலாற்றங்கரையை அடுத்த ஒரு கரும்பு விவசாயிகள் சங்கத்திற்கு, ஆண்டு இறுதி இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். உர மூட்டைகளை எண்ணி முடித்துக் கிடங்கின் மூலைக்கு வந்தபோது, சாக்கு போர்த்திய குவியலொன்று கண்ணிற் பட்டது. விலக்கிப் பார்த்தால் கனத்த தோல் பூட்ஸ்கள்! நாற்பது ஜோடி வாங்கியதாகப் பதிவேடு கூறிற்று. கிடங்கில் முப்பத்தொன்று இருந்தன. பாதிக்கு மேல் பூஞ்சணம் பூத்திருந்தது.

இவற்றை நாம் அறியாதவரல்லோம். முந்திய ஆண்டு ஆய்வுக் குறிப்பில், "அங்கத்தினர் நலன் கருதிச் செய்யப்பட்ட பாராட்டத்தக்க கொள்முதல்" என்று நம் கையாலேயே எழுதியிருந்தோம். விலைப்புள்ளிகள் ஒழுங்காக இருந்தன, தீர்மானம் இருந்தது, பற்றுச்சீட்டு இருந்தது. பூட்ஸ் யார் காலுக்கு வாங்கப்பட்டது என்பதை மட்டும் நாம் கேட்கவில்லை.

"சரக்கில் ஒரு குறையும் இல்லை ஐயா. நல்ல தோல், நல்ல தையல். போட்டுக்கொள்ள மாட்டேன் என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்" என்றார் காரியதரிசி.

திண்ணையில் அமர்ந்திருந்த அங்கத்தினர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பாம்பு என்றைக்காவது ஒருநாள் கடிக்கும் என்றுதானே இதைக் கொடுத்தீர்கள்? இது தினமும் கடிக்கிறதுங்களே!" என்றார்.

சிரிப்பில் எல்லோரும் கலந்துகொள்ளவில்லை. அவருக்குப் பக்கத்தில் கைத்தடியுடன் அமர்ந்திருந்த மற்றோர் அங்கத்தினர், சுண்டுவிரல் கொப்புளித்துப் புண்ணானதால் பூட்ஸைத் திருப்பித் தந்தவர். அடுத்த வெட்டுப் பருவத்தில், சோகையடியிற் கிடந்த கண்ணாடி விரியன் அவரைக் குதிகாலுக்கு மேலே தீண்டிவிட்டது. பல வாரம் மருத்துவமனையில் இருந்து மீண்டு வந்திருக்கிறார். அவர் போட்டிருக்க வேண்டிய ஜோடி அந்தக் குவியலில்தான் இருந்தது.

நம் நாட்டில் 2000 முதல் 2019 முடிய இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள். மாண்டவரிற் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். கடி விழுவது பெரும்பாலும் காலில். கனத்த தோல் பூட்ஸ் எல்லாக் கடியையும் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கணுக்காலுக்கு மேலேறிய தோல், பாதத்திலும் கணுவிலும் விழும் பல்லைத் தாங்க வல்லது. வெட்டிய கரும்புக் கட்டை உள்ளங்காலில் ஏறாமற் காப்பதும் அதுவே. ஆனால் அது காலில் இருந்தால்தானே!

ஏன் கடித்தது என்று ஆராய்ந்தோம். கொள்முதல் 7, 8, 9 என்ற மூன்று எண்களில் நடந்திருந்தது. எவர் காலையும் அளக்கவில்லை; "எட்டாம் நம்பர் பெரும்பாலோருக்குச் சேரும்" என்று கூட்டத்தில் ஒருவர் கூற, அதுவே தீர்மானமாயிற்று. இந்த எண் என்பது என்ன? ஆங்கிலேயர் முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு. மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்ற பழைய கணக்கிலிருந்து வந்தது அது. தானியத்தைக் கொண்டு காலை அளந்தார்கள் என்றறிந்தால் நம் விவசாய அன்பர்கள் மகிழக்கூடும். ஆயினும் அந்த எண் நீளத்தைத்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. அதிலும் அது காலின் நீளமன்று, பூட்ஸ் தைக்கப் பயன்படும் கட்டையின் நீளத்தைக் குறிப்பது. ஒரு பட்டறையின் எட்டும் மற்றொரு பட்டறையின் எட்டும் ஒன்றாயிருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை.

நம்மவர் காலுக்கு இடர் செய்வது இந்த அகலமே. சிறு வயது முதல் வெறுங்காலில் நடந்தவர்களின் பாதம் முன்புறம் விரிந்திருக்கும். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் அகன்று நிற்கும். நம் நாட்டு வெறுங்கால் நடையாளரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஒரு கட்டுரை, அவர்களது பாதம் ஒப்புநோக்க அகன்றது என்றும், உடற்பாரம் அதில் சீராகப் பரவுகிறது என்றும் காட்டியது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை அளந்து, நமக்கென ஒரு தனி அளவுமுறையை வகுக்க முனைந்தது. அந்நிய நாட்டுக் கட்டையில் தைத்த ஒடுங்கிய பூட்ஸுக்குள் அகன்ற காலைத் திணிப்பவர் அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்குகிறார். அப்போது குதிகால் வழுக்குகிறது; சுண்டுவிரலோ முன்போலவே நசுங்குகிறது. தொல்லை ஒன்று இரண்டாகிறது.

அச்சங்கத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் உண்டு. வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர், "இன்ஸ்பெக்டர் ஐயா, நாளைச் சாயங்காலம் எல்லோரையும் வரச் சொல்லுங்கள். காலையில் வேண்டாம்" என்றார். காலையில் ஏன் வேண்டாம்? பகலெல்லாம் நின்று உழைத்த பாதம் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். காலையில் சரியாயிருந்த பூட்ஸ் மாலையில் இறுக்கும்.

மறுநாள் மாலை, பழைய கணக்குத் தாள்களைத் தரையில் விரித்து, ஒவ்வொருவரையும் அதன்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் வரைந்தார் ஹவில்தார். உட்கார்ந்து அளப்பது பயனற்றது. பாரம் இறங்கினால்தான் பாதம் தன் முழு நீளத்தையும் அகலத்தையும் காட்டும். அத்துடன் விடவில்லை. மருந்து தெளிப்பானில் நீர் நிரப்பி முதுகில் மாட்டச் செய்து, இரண்டாம் முறையும் வரைந்தார். பலருக்குக் கோடு சிறிதே விலகி விழுந்தது. அவர் இதைப் பட்டாள அனுபவத்தால் செய்தார். ஆனால் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்க ராணுவ மருத்துவர் மன்சன் என்பவர், சிப்பாய்களின் கால்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1912-இல் ஒரு நூல் வெளியிட்டார். முதுகில் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ, சுமையுடன் நிற்கும்போதே சிப்பாயின் காலுக்குப் பூட்ஸ் பார்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நிரம்பிய தெளிப்பானும் ஏறத்தாழ அந்தக் கனந்தான்.

இன்னொன்றும் தெரியவந்தது. பலருக்கு இரு கால்களும் ஒரே அளவில் இல்லை. பெரிய காலுக்குத்தான் பூட்ஸ் வாங்க வேண்டும். சிறிய காலை ஒரு மெல்லிய உள்ளட்டையால் சரிக்கட்டலாம். பெருக்குவதற்கு அத்தகைய வழி இல்லை.

போட்டுப் பார்ப்பதிலும் முறை உண்டு. வயலில் அணியப்போகும் அதே காலுறையுடன் போட வேண்டும். லேஸ் கட்டுமுன் காலை முன்னே தள்ளி விரல்கள் முனையைத் தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய இடமிருக்க வேண்டும். பின்னர் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு ஒதுக்கி, லேஸை இறுக்கிக் கட்டி நடக்க வேண்டும். பெருவிரலின் அடியிலுள்ள கணுப் புடைப்பு பூட்ஸின் மிக அகன்ற பகுதியில் அமைய வேண்டும். நடக்கையில் கால் மடங்கும் இடத்தில்தான் பூட்ஸும் மடங்க வேண்டும். இது தவறினால் மற்றெல்லாம் சரியாயிருந்தும் பயனில்லை. இறுதியாக ஒரு சரிவில் இறங்கிப் பார்ப்பது நல்லது. வரப்போ, கிடங்கின் சாய்தளமோ எதுவும் போதும். இறங்கும்போது விரல்கள் முன்னே போய் முட்டினால் அந்த ஜோடி வேண்டாம்.

புதிய கனத்த பூட்ஸில் குதிகால் சிறிது, கால் அங்குலம் வரை, தூக்கி விழுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடித்தோல் விறைப்பாயிருப்பதால் நேர்வது அது. அடி வளையப் பழகியதும் குறைந்துவிடும். ஆனால் "போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் எல்லாவற்றிற்கும் சொல்லும் சமாதானத்தை ஏற்கலாகாது. தோல் அகலவாக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளவாக்கில் கொடுக்காது. நெசவாள அன்பர்கள் ஊடையையும் பாவையும் நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்: இழுத்துக் கட்டிய பாவு நீளுமா? முனையில் இரும்புக் கவசம் வைத்த பூட்ஸானால் அந்த இடம் எத்திசையிலும் கொடுக்காது. கடையில் விரலை அழுத்திய இரும்பு, ஆண்டு கழிந்தும் அழுத்தும்.

லேஸ் கட்டுவதில் நம்மவர் காட்டும் அலட்சியம் சொல்லி மாளாது. ஒரே இழுப்பாக மேலே வரை இழுத்து முடிந்துவிடுகிறார்கள். விரல்களுக்கு மேலே தளர்வாகவும், புறங்கால் கணுக்காலாகத் திரும்பும் மடிப்பில் இறுக்கமாகவும் இருப்பதே முறை. அந்த மடிப்பில் லேஸ்களை ஒன்றன்மேலொன்றாக இருமுறை முறுக்கினால், கீழுள்ள தளர்வும் மேலுள்ள இறுக்கமும் தத்தம் இடத்தில் நிற்கும். குதிகால் பின்னே பிடிபட்டுவிட்டால் கொப்புளத்திற்குப் பாதி வழி அடைபட்டது.

காலுறையைப் பற்றி, பருத்தி விளைவிப்போரும் நெய்வோரும் படிக்கும் இவ்வேட்டில் ஒன்று எழுதச் சற்றே தயக்கமாயிருக்கிறது. கனத்த பூட்ஸினுள் தனிப் பருத்திக் காலுறை நல்லதன்று. அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். ஈரத் தோலும் ஈரத் துணியும் உராய்ந்தால் கொப்புளம் நிச்சயம். கம்பளி கலந்த தடித்த காலுறை நம் வெயிலுக்கு ஒவ்வாதது போலத் தோன்றினும், காலை அதுவே காக்கிறது. பருத்திதான் கிடைக்குமெனில் மாற்று ஜோடியொன்றை வயலுக்குக் கொண்டுசென்று நண்பகலில் மாற்றிக்கொள்வது உத்தமம்.

புது பூட்ஸை முதல் நாளே வெட்டுக்குப் போட்டுப் போனவர்கள்தாம் முதலில் திருப்பித் தந்தவர்கள். ஒரு பூட்ஸ் முக்கால் கிலோ என்று கொள்வோம். நாளைக்குப் பதினாயிரம் அடி நடப்பவர் ஒவ்வொரு காலாலும் ஐயாயிரம் முறை அதைத் தூக்குகிறார். ஒரு கால் மட்டும் 3,750 கிலோ சுமக்கிறது! பழக்கமில்லாத காலுக்கு இது சிறிதன்று. முதலில் வீட்டில் ஒரு மணி நேரம், பிறகு தோட்டத்தில் அரை நாள், இவ்வாறு இரண்டு வாரம் பழக்க வேண்டும். எங்கேனும் சூடாக உறுத்தினால் கொப்புளம் எழுமுன் நின்று, அவ்விடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும். நீரில் ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் படியும் என்று ஓர் அங்கத்தினர் செய்துபார்த்து, பிறகு அடுப்பருகே உலர்த்தியிருந்தார், தோல் வெடித்திருந்தது. நனைந்ததை நிழலில், உள்ளே செய்தித்தாள் அடைத்து உலர்த்த வேண்டும். எண்ணெய் சிறிதளவு, மாதம் ஒருமுறை போதும். குளிப்பாட்டினால் தோல் தளர்ந்து காலைப் பிடிக்கும் வலுவை இழக்கும். காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்ட மறக்கலாகாது. தேள் உள்ளே குடியேற அதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

சேற்று நெல் வயலுக்கு இது உதவாது. அங்கே ரப்பர் பூட்ஸே தகும். நீரிழிவால் கால் மரத்தவர்களோ, "வலிக்கவில்லை" என்ற தம் சொல்லையே நம்பலாகாது. வலி அறியாத காலைச் சாதாரணச் செருப்பின் ஓர் ஆணியே அழித்துவிடக்கூடும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த கால்களுக்கு மென்மையான ரப்பர் அடி வைத்த காலணிகள் வேண்டுமென வற்புறுத்தியது இதற்காகவே. இவர்கள் மருத்துவரைக் கேளாமல் கனத்த பூட்ஸ் வாங்க வேண்டாம். அணிபவர் நாள்தோறும் மாலையில் பாதத்தைக் கண்ணாற் பார்க்க வேண்டும்.

வரைந்த தாள்களை எடுத்துக்கொண்டு ஹவில்தாரும் காரியதரிசியும் ஆம்பூர்ப் பக்கத்துச் சிறு பட்டறையொன்றிற்குச் சென்றனர். அகன்ற கட்டையில் தைப்பதற்கு ஜோடிக்குச் சற்று விலை கூடிற்று. நிர்வாகக் குழுவில் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. குறைந்த விலைப்புள்ளியை விட்டு ஏன் போக வேண்டும் என்று இருவர் கேட்டனர். நாம் குறுக்கிடவில்லை, கைத்தடியுடன் வந்திருந்த அங்கத்தினரே எழுந்து பேசினார். தீர்மானம் நிறைவேறியது. விநியோகப் பதிவேட்டில் இப்போது இடக்கால், வலக்கால் என்று இரண்டு பத்திகள் உள்ளன. முதல் பெயர் அவருடையது. சென்ற மாதம் வெட்டு நடக்கும் தோட்டத்தில் அவரைக் கண்டோம். பூட்ஸ் காலில் இருந்தது. லேஸை மட்டும் பழையபடி ஒரே இழுப்பாக இழுத்துக் கட்டியிருந்தார், சொல்லித் திருத்தினோம்.

பழைய முப்பத்தொரு ஜோடிகளில் அளவொத்த பதினொன்றைத் துடைத்து எண்ணெயிட்டு உரியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருபது ஜோடிகள் இவ்வாண்டும் இருப்பில் எழுதப்பட்டுள்ளன. அவற்றிற்கெதிரே குறிப்புப் பத்தியில் பாராட்டு எதுவும் எழுதவில்லை.