ஏரி நிறைந்தால் பறவை வரும்

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவை நீளமாக விரித்துக் கட்டி இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் அந்த வேலை நின்றுவிடும். தறிக்குழியில் ஈரம் ஊறும், கையில் வரும் கூலி குறையும். நெசவாளர் வீடுகளில் மழைக்கு அவ்வளவு நல்ல பேர் கிடையாது. அதே மழைதான் காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கும் ஏரிகளை நிரப்புகிறது. கார்த்திகை போய் வானம் வெளுத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போய்வர இந்த ஊர்க்காரர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமே இருக்காது.

காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ‘ஏரி மாவட்டம்’ என்றே பெயர். எந்தப் பக்கம் பேருந்து ஏறினாலும் ஒரு கரை, ஒரு மதகு, கரையோரம் பனைமரங்கள் கண்ணில் படும்.

அரை நாள்தான் கிடைக்கும் என்றால் மாமண்டூர் போதும். செவிலிமேட்டில் பாலாற்றைத் தாண்டி வந்தவாசி சாலையில் சிறிது தூரம் போனால், பெரிய ஏரியும் அதை ஒட்டிய குன்றும் வரும். குன்றில் 7-ஆம் நூற்றாண்டுக் குடைவரைகள் இருக்கின்றன. ஒன்றில் மகேந்திரவர்ம பல்லவனின் கல்வெட்டு இருக்கிறது. ஏரிக்குச் சித்திரமேக தடாகம் என்பது பழைய பெயர். குகை வாசலில் உட்கார்ந்தபடியே தண்ணீரைப் பார்க்கலாம். இவ்வளவு அழகான இடம் பக்கத்திலிருந்தும், காஞ்சிக்கு வருகிறவர்களில் பலர் கோயிலும் புடவைக்கடையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

முழு நாள் இருந்தால் உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல் போகலாம். உத்திரமேரூர் சுமார் 30 கிலோமீட்டர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் குடவோலைக்காகப் படித்திருப்போம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சுவர் முன்னால் நின்று சொல்லலாம். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோப்பையும் ஏரியையும் பார்த்துக்கொள்ள ஊரே ஆள் அமர்த்தியிருக்கிறது. இன்று நாம் கரைமேல் நடந்து காற்று வாங்கும் ஏரிகள் அப்படி வருஷாவருஷம் கவனிக்கப்பட்டதால் நிலைத்தவை.

அங்கிருந்து வேடந்தாங்கல் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். ‘தாங்கல்’ என்றாலே இந்தப் பக்கத்தில் சிறிய ஏரி. சரணாலய ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். காஞ்சிபுரத்தார் பார்த்துப் பழகிய பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று கிளைக்குக் கிளை கூடு. இவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வருபவை என்று கரையில் பலர் சொல்லக் கேட்கலாம். அது சரியல்ல. கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை நம் நாட்டுப் பறவைகள். ஊசிவால் வாத்து போன்ற சில வாத்துகள்தான் வடக்கே வெகுதூரத்திலிருந்து வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை.

பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்த விவரம் ஊராருக்குப் பல தலைமுறைக்கு முன்பே தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக்கொடுத்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் கலெக்டரும் இவரேதான். பெருமழை இரவில் ஏரிக்கரையில் ராம லட்சுமணர் வில்லோடு காவல் நிற்பதைக் கண்டதாகச் சொல்வார்களே, அந்தத் துரை. வேடந்தாங்கல் 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022-இல், பக்கத்துக் கரிக்கிலியோடு சேர்ந்து, ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. இன்றும் தீபாவளிக்கு இந்த ஊரில் வெடிச்சத்தம் கேட்காது.

சரணாலயத்தின் எல்லை கரையோடு முடிந்துவிடுவதில்லை. சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை வயல், வீடு எல்லாமே அதற்குள் அடக்கம். காரணம் எளிது. ஏரி கூடு கட்டும் இடம். நத்தையும் மீனும் தவளையும் கிடைப்பது பெரும்பாலும் சுற்றுவட்டத்து வயல்களிலும் குட்டைகளிலும்தான். 2020-இல் அந்த எல்லையைக் குறைக்க யோசனை எழுந்தபோது பறவை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்ததற்கு இதுவே அடிப்படை. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது.

நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் நிறைந்திருக்கும். மழை பொய்த்த வருஷம் ஏரி வறண்டு கிடக்கும், பறவையும் வராது. அதனால் கிளம்புமுன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. ஒரு பைனாகுலர், தொப்பி, மங்கலான நிறத்தில் உடை போதும். ஆட்கூட்டம் அதிகமென்று தோன்றினால் கரிக்கிலிக்குப் போகலாம், அங்கே அமைதி அதிகம்.

நேரம் முக்கியம். உச்சிவெயிலில் போய்விட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். உத்திரமேரூரை முதலில் முடித்துக்கொண்டு, நாலு மணிக்கு மேல் வேடந்தாங்கல் காட்சிக் கோபுரத்தில் ஏறுவது நல்லது. வயல் பக்கமிருந்து நாரைகள் வரிசை வரிசையாகத் திரும்பி, ஒவ்வொன்றும் தன் கூட்டில் இறங்கும். குஞ்சுகள் அலகைத் திறந்துகொண்டு கத்தும். வெளிச்சம் மங்குகிற அந்த வேளையில், பகலெல்லாம் கிளையில் கூனிக் கிடந்த வக்காக்கள் மட்டும் எதிர்த்திசையில் இரை தேடக் கிளம்பும்.