பாட்டியின் சர்வேசுரன்

2014 ஜனவரி 5, ஞாயிறு. கிள்ளான் லூர்து மாதா கோயிலுக்குக் கிளம்பிய என்னை அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "இன்னைக்குப் பூசைக்குப் போகாதம்மா. நாம தமிழ்லதானே செபம் பண்றோம், நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

இன்று மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவள், அன்று வாயடைத்துப்போனேன்.

வம்பு, 'அல்லாஹ்' என்ற சொல். கத்தோலிக்க வார இதழ் 'ஹெரால்ட்' அதை மலாய்ப் பக்கங்களில் எழுதலாமா என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. மலாய்ப் பூசைகளில் அச்சொல் தொடரும் என்று இதழாசிரியர் பாதர் லாரன்ஸ் ஆண்ட்ரூ சொன்னதை எதிர்த்துக் கிள்ளானில் ஆர்ப்பாட்டம் என்றார்கள். மூன்று நாள் முன்புதான் பைபிள் சங்கத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட மலாய், ஈபான் பைபிள்களைச் சமய இலாகா எடுத்துப் போயிருந்தது.

போனேன். கோயிலில் பூக்களோடு மலாய்க்காரர்கள்! மரினா மகாதீரும் வந்திருந்தார். அன்று மூன்று ராஜாக்கள் திருநாள் என்பது பூசை தொடங்கியபோதுதான் நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பி அம்மாவிடம் கேட்டேன்: "பாட்டி சாகும்வரை 'சர்வேசுரா'ன்னுதானே கும்பிட்டாங்க? அதுக்குள்ளே ஈசுவரன் இருக்காரே. எந்தச் சிவன் கோயில் நம்ம மேல கேஸ் போட்டுச்சு? மலாய்ல செபிக்கிற சபா, சரவாக் பிள்ளைங்க நம்ம பக்கத்து பெஞ்சுலதானே உட்கார்றாங்க?"

அம்மா பதில் சொல்லவில்லை.

ஜூன் 23. மேல்முறையீட்டுக்கு அனுமதியில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 4-3 பெரும்பான்மையில் சொன்னது. முதலில் ஃபோன் செய்தது அம்மாதான்.

"அந்தப் பிள்ளைங்க இனி எப்படிம்மா கும்பிடுவாங்க?"