பழைய காரை ட்யூன் செய்வதா, வேகமான காரை வாங்குவதா?

கையில் இருக்கும் காரின் வேகம் போதவில்லை என்று தோன்றினால் உரிமையாளருக்கு வழி இரண்டு. அதே காரை ட்யூன் செய்து சக்தியைக் கூட்டலாம்; அல்லது அதை விற்றுவிட்டு, சக்தி அதிகமுள்ள காரை வாங்கலாம். எஞ்சின் எந்த வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கூடும் சக்தியை மற்ற பாகங்கள் தாங்குமா, சட்டமும் காப்பீடும் இடம் கொடுக்குமா என்ற நான்கையும் வரிசையாகப் பார்த்தால் எந்த வழி பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

எஞ்சின் வகை

டர்போ இல்லாத எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றை மட்டுமே நம்பி இயங்குகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவின் மென்பொருளை மாற்றுவதைத்தான் ‘ரீமேப்’ என்கிறார்கள். இதனால் எரிபொருளின் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றலாம். காற்றைப் பெரிதாகக் கூட்ட முடியாது. எனவே 5 முதல் 10 சதவீதச் சக்தி கூடினாலே அதிகம். ஓட்டுபவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அதற்கு மேல் வேண்டுமானால் கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் வரை பிரித்து வேலை பார்க்க வேண்டும். அந்தச் செலவுக்கேற்ற பலன் கிடைப்பது அரிது.

டர்போ எஞ்சினின் கதை வேறு. வெளியேறும் புகையின் விசையால் டர்போவின் சக்கரம் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தை மென்பொருளே கட்டுப்படுத்துகிறது. தரம் குறைந்த பெட்ரோல், கடும் வெயில், தள்ளிப்போகும் சர்வீஸ் என எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர் கொஞ்சம் இடம் விட்டே அதை அமைக்கிறார். ரீமேப் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை சக்தி கூடும். ஆனால் அழுத்தம் கூடினால், தீப்பொறி விழுந்த பின் சுடர் வந்து சேருவதற்கு முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ ஆபத்தும் கூடும். சாதாரண பெட்ரோலுக்குப் பதில் ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் போட வேண்டிவரலாம்.

இந்தியாவில் 2013இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இதற்கு நல்ல உதாரணம். அதன் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 105 பிஎஸ் சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்கு விசை) தருவது. அதில் உள்ள ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். 20 சதவீதம் கூட்டினால் டார்க் 210ஐத் தொடும், பெட்டி தாங்கும். பேராசைப்பட்டு வரம்பை எட்டினால் முதலில் அடிவாங்குவது கிளட்ச்தான்.

எஞ்சினின் நிலை

பணத்தைக் கட்டுவதற்கு முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்துவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு துளையிலும் அளவுமானியைத் திருகி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுவார் மெக்கானிக். மூன்று சிலிண்டர்கள் 170 பிஎஸ்ஐ காட்டி நான்காவது 130 காட்டினால் கோளாறு இருக்கிறது என்று பொருள். அந்தத் துளையில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் சோதிக்கும்போது அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. இப்படிப்பட்ட எஞ்சினில் ரீமேப் செய்வது, இருக்கும் பழுதை விரைவுபடுத்துவதே.

காரின் மந்தத்துக்கு வயதே காரணமாக இருப்பதும் உண்டு. பழைய பிளக், அடைபட்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச் ஆகியவற்றை மாற்றியதும் புதிதாக இருந்தபோதைய சக்தி திரும்பி, ட்யூன் செய்யும் எண்ணமே போய்விடலாம்.

பிரேக்கும் டயரும்

ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். 80 கி.மீ. வேகத்தில் செல்லும் காரைவிட, 120இல் செல்லும் அதே காரை நிறுத்த பிரேக்குகள் 2.25 மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். ஆகவே பிரேக் பேடு, டிஸ்க், பிரேக் ஆயில், ஷாக் அப்சார்பர், புஷ், டயர் ஆகியவற்றுக்கே முதல் செலவு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும்: ‘2419’ என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பல ஆண்டுகள் ஆன ரப்பர் இறுகி, பிடிப்பை இழந்துவிடும்.

தொழிற்சாலையிலிருந்தே வேகமாக வரும் காரின் பெரிய பலம் இங்கேதான். எஞ்சின், கியர் பெட்டி, பிரேக், குளிர்விப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சோதித்துத் தரப்படுகின்றன.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழில் (ஆர்சி) உள்ளவை மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெரிய எஞ்சினைத் தூக்கி வைக்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் விபத்து இழப்பீடு மறுக்கப்படலாம். வாரண்டி மிச்சமிருந்தால் அதுவும் போகும்.

கணக்கு

1,000 கிலோ எடையும் 120 பிஎஸ் சக்தியும் உள்ள பழைய கார், 1,250 கிலோவும் 150 பிஎஸ்ஸும் உள்ள புதிய காருக்கு எடை-சக்தி விகிதத்தில் சமம். ஆகவே எடை குறைந்த டர்போ காருக்கு அளவான ட்யூனிங் மிகவும் லாபம். ஆனால் ட்யூனிங்கில் போட்ட பணம் விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வராது.

கார் டர்போ வகையாகவும் எஞ்சின் ஆரோக்கியமாகவும் இருந்து, கால் பங்குச் சக்தி கூடினால் போதும் என்றால், பிரேக்கையும் டயரையும் சரிசெய்த பின் ட்யூன் செய்யலாம். டர்போ இல்லை, எஞ்சின் தேய்ந்துவிட்டது, அல்லது ஒன்றரை மடங்குச் சக்தி வேண்டும் என்றால் வேகமான காரை வாங்குவதே சிக்கனம், பாதுகாப்பும் கூட.