கைப்பேசி திணறும்போது கைகொடுக்கும் வானொலி

மாணவர்களே, ஜொகூர் பாருவில் ஒரு மாரத்தான் நடப்பதாக வைத்துக்கொள்வோம். தூரம் 42.195 கிலோமீட்டர். வெயில் ஏறிவிட்டது, புழுக்கமும் சேர்ந்துகொண்டது. 31ஆவது கிலோமீட்டரில் ஓர் ஓட்டக்காரர் தள்ளாடி விழுகிறார். அவருடைய உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியிருந்தால், அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்விக்க வேண்டும். தாமதித்தால் மூளை பாதிக்கப்படலாம், உயிரே போகலாம்.

மருத்துவக் குழுவை அழைக்கக் கைப்பேசி போதாதா? பல வேளைகளில் போதும். ஆனால், ஒரு கைப்பேசிக் கோபுரம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அழைப்புகளுக்கு வரம்பு உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடினால் அது திணறிவிடும். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானின் முடிவுக்கோட்டுக்கு அருகே குண்டுகள் வெடித்தபோது இதுதான் நடந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் அழைத்ததால் கைப்பேசி இணைப்புகள் கிடைக்கவில்லை. ஓட்டப்பாதையில் ஏற்கெனவே பணியில் இருந்த அமெச்சூர் வானொலித் தொண்டர்களின் கருவிகளோ தொடர்ந்து பேசின.

காரணம் எளிது. இந்த வானொலிக்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. மேலும், ஒருவர் பேசினால் அதே அலைவரிசையில் உள்ள அனைவருக்கும் கேட்கும். அதனால்தான் ஒழுங்கும் கட்டாயம். கட்டுப்பாட்டு நிலையம் அனுமதித்த பிறகே மற்றவர் பேச வேண்டும். உரையாடல் இப்படி இருக்கும்:

“கட்டுப்பாடு, இது நீர் நிலையம் 7. அவசரம்!”

“நீர் நிலையம் 7, சொல்லுங்கள்.”

“31ஆவது கிலோமீட்டர். ஓட்டக்காரர் எண் 2046 மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் தேவை.”

கவனித்தீர்களா? பெயரைச் சொல்லவில்லை. எல்லார் காதிலும் விழும் என்பதால் எண் மட்டும்தான்.

இனி, படிவம் 4 இயற்பியலில் படித்த அலைகளை நினைவுபடுத்துங்கள். தொண்டர்கள் பெரும்பாலும் 145 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணைப் பயன்படுத்துவார்கள். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அதில் கால் பங்கான 50 சென்டிமீட்டர் ஆன்டெனாவே போதும்.

கையடக்கக் கருவியின் ஆற்றல் சுமார் 5 வாட்தான். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவும் கட்டடங்களும் தடுத்துவிடும். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்தால் வானொலித் தொடுவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அப்படியானால் 42 கிலோமீட்டருக்கு என்ன வழி? உயரம்! 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை உச்சிக்குக் கணக்கிட்டால் தொடுவானம் ஏறக்குறைய 145 கிலோமீட்டர். அதனால் உயரமான இடத்தில் மறுபரப்பி ஒன்றை வைக்கிறார்கள். அது ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை, அதே நொடியில் இன்னோர் அதிர்வெண்ணில் வலுவாக ஒலிபரப்பும்.

விரும்பியவரெல்லாம் இதில் பேசிவிட முடியாது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதிப்படி தேர்வில் தேறி அனுமதி பெற வேண்டும். 9எம், 9டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு கிடைக்கும். இந்த வானொலியைக் கொண்டு பணம் சம்பாதிக்கக் கூடாது. தொண்டர்களுக்குக் கிடைப்பது அனுபவமும் மனநிறைவும்தான்.

தேர்வு எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பள்ளியின் அடுத்த குறுக்கோட்டத்தில் நண்பருடன் பயிற்சி செய்து பாருங்கள்: எங்கே, என்ன நடந்தது, என்ன தேவை. மூன்றையும் பத்து விநாடிக்குள் பதற்றமின்றிச் சொல்ல முடிகிறதா? கருவி எதுவானாலும், உதவி விரைந்து வருவது அந்தப் பத்து விநாடியைப் பொறுத்ததே.