துணி துவைக்கும் மெஷினை யார் துவைப்பது?



சோப்பும் தண்ணீரும் ஓயாமல் ஓடுகிற ஒரு பெட்டி அழுக்காகுமா? "அழுக்கை எடுப்பதே அதுதானே, அதற்கு எதற்குச் சுத்தம்?" என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் துவைத்துக் காயவைத்த துண்டில் முகம் துடைக்கும்போது ஒரு புளித்த வாடை வருகிறதா? பனியனை அணிந்து கொஞ்சம் வியர்த்ததும் பழைய நாற்றம் திரும்பி விடுகிறதா? வெள்ளைச் சட்டையில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டி வருகின்றனவா? இவற்றில் ஒன்றுக்காவது "ஆம்" என்பது உங்கள் பதிலானால், சோப்புத்தூளை மாற்றும் முன்பு மெஷினுக்குள் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.

உள்ளே சேர்வது என்ன?

நாம் கண்ணால் பார்ப்பது டிரம்மின் உட்புறத்தை மட்டும்தான். அதற்கு வெளியே, நம் கைக்கு எட்டாத இன்னொரு தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கரையாத சோப்பு, தோல் செதில், தலை எண்ணெய், தனக்கா பூச்சு, துணியின் நூல் துகள் எல்லாம் படிந்து வழவழப்பான ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் படலம் கிருமிகளுக்கு வீடும் உணவும் ஆகிறது. காய்ந்த பிறகு அதுவே செதிலாக உரிந்து துணியில் ஒட்டுகிறது.

துவைத்த துணியின் நாற்றத்துக்குக் காரணம் எது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியாவே அந்தப் புளித்த வாடையை உண்டாக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் தெரிவித்தனர். துணி காய்ந்தாலும் இந்தக் கிருமி சாகாமல் கிடக்கும். மறுபடி ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். நன்றாக மணந்த சட்டை வியர்வை பட்டதும் நாறுவதன் இரகசியம் இதுதான்.

வெள்ளாவி சொல்லும் பாடம்

நம் முன்னோர் காலத்தில் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, நீராவியில் வேகவிட்டு, ஆற்றில் அலசி, வெயிலில் உலர்த்தினார்கள். அந்த முறையில் சூடும் இருந்தது, காய்ச்சலும் இருந்தது. கிருமிக்கு ஆகாதவை இந்த இரண்டும்தான்.

இன்று நம் வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை குழாயில் வருகிற குளிர்ந்த நீரிலேயே துவைக்கின்றன. துவைத்து முடித்ததும் மூடியை இறுக மூடிவிடுகிறோம். சூடும் போயிற்று, உலர்வும் போயிற்று. மெஷின் பராமரிப்பு என்பது போன இந்த இரண்டையும் அவ்வப்போது திருப்பிக் கொடுப்பதே. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

உடல்நலத்துக்கு என்ன கேடு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு அழுக்கு மெஷினால் பெரிய நோய் வருவது அரிது. பச்சிளங்குழந்தை, வயது முதிர்ந்தோர், நீரிழிவு உள்ளோர், ஆஸ்துமா உள்ளோர், உடலில் ஆறாத புண் உள்ளோர் இருக்கும் வீடுகள்தாம் கவனமாக இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 2012-13-ல் அங்கிருந்த குழந்தைகள் பதினான்கு பேரின் உடலில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஒருவகைக் கிளெப்சியெல்லா கிருமி காணப்பட்டது. தேடிப் பார்த்ததில், குழந்தைகளின் தொப்பியையும் காலுறையையும் துவைக்கப் பயன்பட்ட வீட்டு உபயோக வாஷிங் மெஷின் ஒன்றில் அது குடியிருந்தது தெரிந்தது. சோப்புத்தூள் தட்டிலும் கதவின் ரப்பர் வளையத்திலும் கிருமி இருந்தது. கடைசி அலசலுக்குரிய சூடில்லாத நீர் அந்தத் தட்டின் வழியாக ஓடி, சுத்தமான துணியில் கிருமியைச் சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நல்லவேளையாக எந்தக் குழந்தைக்கும் நோய் முற்றவில்லை. மெஷினை அகற்றியதும் பரவல் நின்றது. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இதனை வெளியிட்டார்கள்.

நம்மிடையே இதைவிட அதிகம் காணப்படுவது படர்தாமரையும் கால்விரல் இடுக்குப் புண்ணும். இவற்றை உண்டாக்கும் பூஞ்சை குளிர்ந்த நீர்த் துவைப்பில் முழுதாக அழியாது. 60 டிகிரி வெந்நீரில் அழியும். ஆகவே ஒருவருக்குப் படர்தாமரை இருந்தால் அவருடைய உள்ளாடை, காலுறை, துண்டு ஆகியவற்றைப் பிரித்து எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துத் தனியாகத் துவையுங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்த்துவிடும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நம் பகுதி வீடுகளின் நிலை

பபேடான் வீடுகளின் அமைப்பு நமக்குத் தெரிந்ததே. லிஃப்ட் இல்லாத ஆறேழு மாடிக் கட்டடம். தெருப்பக்கம் ஒரு ஜன்னல், பின்சந்துப் பக்கம் ஒரு ஜன்னல், நடுவில் ரயில் பெட்டி போல நீண்ட வீடு. சமையலறையும் குளியலறையும் பின்பக்கம். மெஷினும் அங்கேதான், வெளிச்சமும் காற்றும் குறைந்த மூலையில். இதோடு மழை. சென்னையில் ஓராண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லி மீட்டர் மழை என்றால் யாங்கூனில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதில் பெரும்பகுதி மே கடைசி முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. 2021-க்குப் பின் மின்வெட்டும் மிகுந்துவிட்டது. எனவே வெளிநாட்டுக் குறிப்பேடுகளில் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்று எழுதியிருந்தாலும், மழைக்காலத்தில் நாம் மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும்

1. துணியை உடனே வெளியே எடுங்கள். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது வேண்டாம்.

2. மூடியைத் திறந்தே வையுங்கள். சோப்புத்தூள் தட்டையும் பாதி இழுத்து வையுங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், குழந்தை உள்ளே இறங்க முடியாதபடி மேற்பார்வை அவசியம். முடியாதபோது உட்புறத்தைத் துடைத்துவிட்டு மூடிவிடுங்கள்.

3. முன்பக்கம் கதவுள்ள மெஷினானால் ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்து உலர்ந்த துணியால் துடையுங்கள். முடியும் சில்லறைக் காசும் சேறும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

4. சோப்புத்தூளை அளந்து போடுங்கள். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது தவறான எண்ணம். மிஞ்சிய சோப்புதான் படலமாகிறது. வாசனைத் திரவத்தையும் குறையுங்கள். அதன் பசைத்தன்மை படலத்தைக் கெட்டியாக்கும், துண்டு தண்ணீர் உறிஞ்சாமலும் போகும்.

மாதம் ஒருமுறை

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளி வேலைகளை முடியுங்கள். சோப்புத்தூள் தட்டைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கவும். தண்ணீர் உள்ளே வரும் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றினால் சிறு வலை ஒன்று தெரியும். அதில் மணலும் துருவும் அடைத்திருக்கும். கழுவி மாட்டவும். நூல் சேரும் வலைப்பையைக் கவிழ்த்துக் கழுவவும். கிழிந்திருந்தால் புதியது மாற்றவும். முன்கதவு மெஷினின் அடியில் ஒரு மூலையில் வடிகட்டி இருக்கும். தட்டும் துணியும் கீழே வைத்துக்கொண்டு மெல்லத் திருகுங்கள். தேங்கிய நீர் சட்டென்று கொட்டும்.

பிறகு உட்புறம். மெஷினின் வகைக்கேற்ப முறை மாறும்.

இரட்டைத் தொட்டி மெஷின்: வடிகால் திருகை மூடி, தொட்டி நிறைய நீர் விடவும். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கும் நீர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும், தூக்கும்போது நம் மேலும் கொட்டும். ஆக்சிஜன் பிளீச் தூளை உறையில் சொன்ன அளவு கரைத்து ஐந்து நிமிடம் ஓட்டி, ஓரிரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஓட்டவும். கறுப்புச் செதில்கள் மிதந்து வரும். பழைய வடிகட்டியால் அள்ளிவிட்டு நீரை வடிக்கவும். செதில் வருவது நிற்கும்வரை நல்ல நீரில் அலசவும். பிழியும் தொட்டியையும் மறவாதீர்கள்.

மேல்மூடி முழுத் தானியங்கி: நீர்மட்டத்தை உச்சத்தில் வைத்து இதே முறையைச் செய்யவும். "டப் கிளீன்" பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்தவும்.

முன்கதவு மெஷின்: துணி போடாமல் 60 டிகிரி அல்லது அதற்கு மேல் வைத்து, மெஷினுக்கென்று விற்கும் கிளீனரைப் போட்டு ஒருமுறை முழுதாக ஓட்டவும். இதற்கு இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். மின்சாரம் நிலைத்து வரும் நேரம் பார்த்துத் தொடங்குங்கள்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்

ஈரத்துணி சோப்பு நீரில் மணிக்கணக்கில் கிடப்பதுதான் நம் வீடுகளில் நாற்றத்துக்கு முக்கியக் காரணம். இரட்டைத் தொட்டி மெஷினில் வடிகால் திருகு கையால் இயங்குவது. மின்சாரம் இல்லாமலே நீரை வடித்துவிடலாம். மேல்மூடித் தானியங்கியில் வடிகால் மின்சாரத்தால் திறப்பது. நீர் தானாக வடியாது. ஓரிரு மணி நேரத்துக்குள் மின்சாரம் வராது என்று தெரிந்தால் துணியை எடுத்துக் கையால் அலசிப் பிழிந்து காயப்போடுவதே நல்லது. முன்கதவு மெஷினில் அடியிலுள்ள வடிகட்டி வழியாகவோ சிறு குழாய் வழியாகவோ நீரை இறக்கிய பிறகே கதவைத் திறக்க முயலுங்கள்.

மின்சாரம் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வரும் வேகத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மெஷினின் மின்னணுப் பலகை எரிந்துபோகும். பழைய கட்டடங்களில் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மெஷினைத் தொடுவது ஆபத்து.

தண்ணீரின் குணம்

ஆழ்குழாய் நீரில் இரும்புச் சத்து இருந்தால் வெள்ளைத் துணி பழுப்பேறும், டிரம்மிலும் செந்நிறக் கறை படியும். இதற்குப் பிளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம்தான் மருந்து. பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஏறக்குறைய 100 கிராம் கரைத்து, துணி போடாமல் ஓட்டினால் இரும்புக் கறையும் உப்புப் படிவும் இளகும். அதன்பின் இரண்டு முறை நல்ல நீரில் அலசுவது அவசியம்.

ஒருபோதும் செய்யக்கூடாதது

குளோரின் பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை உப்பு, கழிவறை ஆசிட் எதையும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்கக்கூடாது. காற்றோட்டம் இல்லாத பின்கட்டில் இது மூச்சையே அடைத்துவிடும். ஒரு நாள் ஒரு மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டையும் சேர்த்தால் இன்னும் சுத்தமாகும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ரப்பரை வினிகரில் அடிக்கடி நனைப்பதும் ரப்பரைக் கெடுக்கும்.

மெஷின் அடியில் தேங்கும் நீரையும் வாரம் ஒருமுறை துடையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி அளவு நல்ல நீரே போதும். வடிகால் ஹோஸைப் பின்சந்தில் தொங்கவிடாமல் கழிவுநீர்க் குழாயில் சேருங்கள்.

காயவைப்பதும் சுத்தமே

மழை நாளில் துணியை நெருக்கிப் போட வேண்டாம். கம்பிக்கு இடையே காற்று நுழைய இடம் விட்டு, தெருப்பக்கத்து ஜன்னலருகே மாட்டி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்புங்கள். படுக்கையறையில் காயவைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரும். கெட்டித் துண்டையும் ஜீன்ஸையும் கூடுதலாக ஒருமுறை பிழிய விடுங்கள். பிறந்த குழந்தையின் துணிக்கு இஸ்திரிப் பெட்டியின் சூடு நல்ல காவல்.

நாள் மறந்துபோகுமே என்பவர்களுக்கு ஒரு யோசனை. நம் சித்திரைப் புத்தாண்டும் இந்நாட்டுத் திங்யான் நீர்த்திருவிழாவும் ஒட்டியே வருகின்றன. அந்த விடுமுறையில், மழை தொடங்கும் முன்பு, மெஷினுக்கு முழுச் சுத்தம் ஒன்று. மழைக்காலத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஒன்று. மழை விட்ட பிறகு, தீபாவளிக்கு வீடு கழுவும்போது இன்னொன்று. ஆகும் செலவு ஒரு பொட்டலம் தூளும் அரைநாள் கவனமும்தான். மூடியைத் திறந்து வைக்கும் பழக்கத்துக்கு அந்தச் செலவும் இல்லை. அதை இன்றைய துவைப்பிலிருந்தே தொடங்கலாமே!