காசு இல்லாத பட்டம்!

மதுரையில் இருந்து தேனிக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது, நாகமலை புதுக்கோட்டை. அதன் அருகே மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உள்ளது. 1966-ல் தொடங்கப்பட்டது.

2023-ல் இங்கு ஒரு பட்டத்துக்காகப் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தப் பட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. பணமுடிப்பும் கிடையாது. கௌரவம் மட்டும்தான்! அதற்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு?

15 நாள் பாக்கி

சுதந்திரப் போராட்ட வீரர் என்.சங்கரய்யா, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்தார். 1941-ல் இறுதிப் பரீட்சைக்கு 15 நாள் இருந்தபோது வெள்ளைக்கார அரசு அவரைக் கைது செய்தது. பரீட்சை போயிற்று. பட்டமும் போயிற்று.

பிற்காலத்தில் அவர் கம்யூனிஸ்டு தலைவராகவும், மதுரையின் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார்.

2021-ல் தமிழக அரசு அவருக்கு முதலாவது "தகைசால் தமிழர்" விருதை வழங்கியது. கூடவே 10 லட்சம் ரூபாய்! பணத்தை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். விருதை ஏற்றுக்கொண்டார். பணம் வேறு, மரியாதை வேறு!

கையெழுத்து வரவில்லை

அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க, காமராசர் பல்கலைக்கழகம் 2023-ல் தீர்மானித்தது. வேந்தர் என்ற முறையில் கவர்னர் ஆர்.என்.ரவி கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து வரவில்லை.

நவம்பர் 2-ந் தேதி பட்டமளிப்பு விழா நடந்தது. உயர்கல்வி அமைச்சர் பொன்முடி விழாவைப் புறக்கணித்தார்.

நவம்பர் 15-ந் தேதி சங்கரய்யா காலமானார்.

மலிந்தால் மதிப்பு இல்லை

பட்டம் கொடுக்க ஆகும் செலவு சொற்பம். ஆனால், அதற்கு விலை உண்டு. அந்த விலை இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, பட்டம் அபூர்வமாக இருக்கவேண்டும். மற்றொன்று, கொடுப்பவர் தகுதி உள்ளவராக இருக்கவேண்டும்.

2023 பிப்ரவரியில், சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கில் ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களை அழைத்து "டாக்டர்" பட்டம் வழங்கியது. பல்கலைக்கழகம் போலீசில் புகார் செய்தது. ஏன்? போலிப் பட்டம் பெருகினால், உண்மைப் பட்டமும் மதிப்பு இழந்துவிடும். கள்ள நோட்டு புழங்கினால் நல்ல நோட்டையும் சந்தேகிப்பது போலத்தான்!

பார்ப்பவர் பலர்

பட்டம் வாங்குகிறவர் ஒருவர். பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் ஆயிரம் பேர். "நாமும் இப்படி வாழவேண்டும்" என்று அவர்களில் பத்துப் பேர் நினைத்தாலே போதும். நாட்டுக்கு அது லாபம்!

பணம் தாமதமாக வந்தாலும் பிள்ளைகளுக்கு உதவும். மரியாதை அப்படி அல்ல. அதைக் கண்டு மகிழ, உரியவர் உயிரோடு இருக்கவேண்டும்.