கல்லூரித் தரகர் வரும் முன்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே நம் தெருக்களுக்குக் கல்லூரித் தரகர்கள் வந்துவிடுகிறார்கள். "எஸ்.சி. பிள்ளைக்கு எல்லாம் இலவசம்" என்று சொல்லி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த இடத்துக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. கல்லூரி கட்டணம் கேட்கும்போதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிகிறது. நாங்கள் பார்த்த வீடுகளில் அம்மாவின் தோடு அடகுக்கும், பிள்ளை பனியன் கம்பெனிக்கும் போனதுதான் மிச்சம்.

கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற்று, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கணக்கில் ஆதாரை இணைத்திருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தம்பி, தங்கைகளே, அசல் சான்றிதழ்களைத் தரகரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களா? மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு மனுவோடு போவோம். நாங்களும் உடன் வருகிறோம்.